வெளிப்பக்கம் பார்த்த செதிள்கள்

தெருவில் அவளைப் பின்னல்காரம்மா என்பார்கள். சுவெட்டர் ஆலையில் இருபத்திரண்டு வருடம். சத்தத்தை வைத்தே எந்த ஊசி வளைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

கட்டடம் வடிவமைக்கும் கொழுந்தன் ஒருநாள் பைன் மரக்காய் ஒன்றோடு வந்தான். "அண்ணி, ஈரம் பட்டா இது தானா மூடிக்குது. எனக்கு இதுக்கு நேர்மாறா ஒரு துணி வேணும். ஹாலுக்குச் சுவரா மாட்டணும். கூட்டம் சேர்ந்தா மூச்சுக்காத்து ஈரத்துல அதுவா திறந்துக்கணும். முடிச்சிட்டா ஹால் வாசல் பலகையில முதல் பேரு உங்களுதுதான்."

வீட்டுக் கை எந்திரத்தில் ஏழு மாதம் பின்னினாள். அந்தக் காயில் இருப்பதுபோலத் துணி முழுக்கச் செதிள்கள்; ஒவ்வொன்றின் அடியிலும் ஈரம் குடித்து நீளும் நூல், மேலே குடிக்காத நூல். முப்பத்தொரு துண்டுகள் வீணாயின. அடுத்ததைக் கெட்டில் ஆவியில் காட்டியபோது செதிள்கள் ஒவ்வொன்றாகத் தலைதூக்கின. எந்த வரிசையில் எத்தனை கண்ணி என்ற பின்னல் கணக்கை நோட்டில் எழுதிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

அதன்பின் கொழுந்தன் எட்டிப்பார்க்கவில்லை. நான்கு மாதம் கழித்து ஆலைத் தோழிதான் சொன்னாள்: "அக்கா, உங்க செதிள் துணி பெரிய ஆலையில ஓடுதாம். நீங்க இங்க காலர் பின்னிட்டு உக்காந்திருக்கீங்க." வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள்; பூட்டு உடைந்திருக்கவில்லை, ஆனால் நோட்டு இல்லை.

திறப்பு நாளில் அழைப்பில்லாமல் போனாள். பலகையில் கொழுந்தன் பெயர் பெரிதாக இருந்தது. நன்றிப் பட்டியலில் விளக்கு மாட்டியவர்கூட இருந்தார். அவள் இல்லை. சுவரைப் பார்த்தவளுக்கு அதுவும் மறந்துபோனது.

"தம்பி, செதிளை வெளிப்பக்கம் மாட்டியிருக்கே. உள்ள இருக்கறவங்க மூச்சு அதுக்கு எப்படித் தெரியும்? மழை பெஞ்சாதான் திறக்கும்."

"தெருவுலேர்ந்து பாக்க அழகா இருக்குல்ல அண்ணி? சுவெட்டர் வேற, பில்டிங் வேற."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஒன்பதாம் நாள் மழை கொட்டியது. கணவரின் போனில் கொழுந்தன் கத்துவது அவளுக்கும் கேட்டது. "செதிளெல்லாம் திறந்துகிட்டு உள்ள தண்ணி ஊத்துது! அண்ணியைப் பின்வாசல் வழியா வரச் சொல்லுங்க, யாரும் பாக்க வேணாம்."

"போயிட்டு வாயேன். நம்ம பையன்தானே," என்றார் கணவர்.

"நம்ம பையனா? பூட்டின பெட்டியிலேர்ந்து நோட்டைத் திருடினவன்."

கணவர் சுவரைப் பார்த்தார். "அவன் திருடலை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்குள்ளதானேன்னு..."

கொழுந்தன் மேல் பொங்கிய கோபம் அவளுக்குள் அப்படியே நின்றுபோனது. அவன் அவள் வயிற்றில் பிறந்தவனுமில்லை, அவளோடு படுத்து எழுந்தவனுமில்லை; படுத்து எழுந்தவர் எதிரே நின்றார்.

போனை வாங்கினாள். "தம்பி, உங்க அண்ணன் வர்றாரு. நோட்டைக் கொடுத்தவரே வந்து படிச்சுக் காட்டட்டும்."

போனைக் கணவர் கையில் வைத்துவிட்டுக் குடையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.