குடுத்தியா ஜேம்ஸு?

இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. 1992 மே 12, செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில் எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அம்பத்தூர் ஓ.டி.யில் கேசட்டில் பாட்டு பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். எங்கள் ராக் குழுவில் நான்தான் பாடகன். பாடுவது எல்லாம் இங்கிலீஷ். டிரம்ஸ் அடித்தவன் வேம்புலி, பக்கத்து ஊரான பாடியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். ஒருநாள் கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர் ஸ்பானிஷ் ராக் கேசட் ஒன்றைப் பிரதி எடுக்கக் கொடுத்தார். பத்து வருஷம் முன்பு அர்ஜென்டினாவுக்கும் இங்கிலாந்துக்கும் சண்டை வந்தபோது அங்கே ரேடியோவில் இங்கிலீஷ் பாட்டை நிறுத்திவிட்டார்களாம். அதிலிருந்து இளவட்டத்துக்கெல்லாம் இதுதான் பாட்டாம். வேம்புலி அதை ஏழு தடவை கேட்டான்.

"ஒரு வார்த்த புரியல மச்சான். ஆனா அவன் ஊட்டுல பேசற பாஷைல கத்துறான். நாம இன்னாத்துக்கு வெள்ளக்காரன் மாரி கத்தினுகீறோம்?"

ஒரே வாரத்தில் தமிழில் ஒரு ராக் பாட்டை எழுதி, பாடி, பதிந்தும் விட்டான். ஒன், டூ என்று எண்ணாமல் ஒண்ணு, ரெண்டு என்று தொடங்கினான். மேலே யாரும் வேறு பாட்டு பதிந்துவிடக் கூடாது என்று கேசட்டின் முதுகிலிருக்கும் பிளாஸ்டிக் துண்டை உடைத்தான். இருந்தது அந்த ஒரே பிரதி. எனக்குத் தெரிந்த கேசட் கம்பெனிக்காரரிடம் கொடுக்கச் சொன்னான்.

பாட்டு நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கம்பெனி குவார்ட்டர்ஸில் வளர்ந்து கான்வென்டில் படித்த நான் இருக்க, லோடுமேன் பெயர் வாங்குவதா? உடைந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினேன். அவன் பாட்டின் மேலேயே என் இங்கிலீஷ் பாட்டுகளைப் பதிந்தேன். தினமும் வந்து கொடுத்தாயா என்று கேட்பான். நாளைக்கு என்பேன். சனிக்கிழமையிலிருந்து அவன் வரவில்லை. தொல்லை விட்டது என்று இருந்தேன்.

செவ்வாய் மதியம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்தக் கேசட்டைச் சரிபார்க்க ஓடவிட்டேன். மணி 3.10. என் முதல் பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டுக்கு முன் வெறும் இரைச்சல்... அதற்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

3.12. கரண்ட் போனது. ஃபேன் நின்றது. கேசட் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த டெக்கில் பேட்டரி கிடையாது.

டக்... டக்... குச்சி தட்டும் சத்தம்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

பாட்டு வரவில்லை.

"குடுத்தியா ஜேம்ஸு?"

வேம்புலியின் குரல். அப்போதும் எனக்குப் பொய்தான் வந்தது.

"குடுத்துட்டேன்டா..."

கேசட் நின்றது.

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. சனிக்கிழமை காலை ரிவர்ஸ் எடுத்த லாரி அவனை நசுக்கிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் நினைவே இல்லாமல் கிடந்தானாம். சாவு வீட்டில் அவன் அம்மா கெங்கம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து மூணேகாலுக்குக் கண்ணத் தொறந்தான் நைனா. 'அம்மா, ஜேம்ஸு குடுத்துட்டானாம், இப்பதான் சொன்னான்'னு சிரிச்சிகினே போய்ட்டான். நீ நல்லா இருக்கணும்."