கோல்கீப்பர் சட்டையின் கை

உள்ளறையில் சுவரில் பந்து மோதும் சத்தம் சட்டென்று நின்றது. கூடத்தில் கால்பந்து அணிக் கேப்டனின் குரல் கேட்டதும் மகள் பந்தைப் பிடித்துக்கொண்டாள் என்று தையல்காரிக்குப் புரிந்தது.

கணவன் போன பிறகு தையல் மெஷினை நம்பியே மகளை வளர்த்தவள் அவள். பள்ளிக் கால்பந்து அணிக்குச் சட்டை தைப்பதும் அவள்தான். வெளிநாட்டுப் பயணத்துக்குச் சற்று முன்பு கோல்கீப்பரான மகளின் முழங்கால் நொறுங்கியது. இனி விளையாடவே கூடாது என்றார் டாக்டர். அணி அவளை விட்டுவிட்டுப் பறந்தது.

"இது கண்ணாடிப் பாலம் ஆன்ட்டி. கோச் சார் பாதியிலேயே கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்துட்டாரு," என்று, பயணம் முடிந்து வந்திருந்த கேப்டன் அங்கே எடுத்த படத்தைச் செல்போனில் காட்டினாள்.

தையல்காரி பாலத்தைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில் நின்ற புதுக் கோல்கீப்பர் மகளின் சட்டையைப் போட்டிருந்தாள். கை நீளமாகி, இரண்டு மடிப்பு மடித்திருந்தது. மகளின் நீண்ட கைகளுக்காகப் பார்த்துப் பார்த்துத் தைத்த சட்டை. மகள் பார்க்காத ஊரையெல்லாம் அது பார்த்துவிட்டு வந்திருக்கிறது.

கேப்டன் பையிலிருந்து அதையே எடுத்தாள். "கையை மட்டும் குறைச்சுத் தரணுமாம் ஆன்ட்டி."

"அந்தப் பொண்ணுக்குப் புதுசா தைச்சுத் தரேன்மா. இது இங்கேயே இருக்கட்டும்."

"வெட்டிக் குடும்மா," என்றாள் மகள் உள்ளேயிருந்து. "தொளதொளன்னு இருந்தா அவளுக்குப் பந்து நழுவிடும்."

தையல்காரி இரண்டு கைகளையும் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தாள். வெட்டிய துண்டுகளைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவளைப் பார்த்துட்டுப் போகட்டுமா ஆன்ட்டி?"

தையல்காரி உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொரு நாள் வாம்மா."

கேப்டன் சட்டையை மார்போடு அணைத்தபடி படியிறங்கினாள். தாய் கதவைச் சாத்தினாள்.