மாதா முடிக்கு எண்ணெய் தேச்சது

எங்க ஊர்க் கோயில்ல வியாகுல மாதா சுரூபத்துக்கு ஒரு டோப்பா இருந்துச்சு. நெசமான பொம்பளை முடி, இடுப்பு வரைக்கும் தொங்கும். டோப்பான்னு சொன்னா பெரிய வீட்டம்மாவுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துரும். திருக்கூந்தல்னு சொல்லணும். அவுக மாமியா சாகுறதுக்கு முந்தி நேந்துக்கிட்டு வெட்டிக் குடுத்த முடியாம் அது. மதுரையில கூத்துக்காரகளுக்கு டோப்பா கட்டுற ஆளுகிட்டக் குடுத்துக் கட்டி வாங்கிட்டு வந்தாகளாம். அப்ப மோகினி வேசங் கட்டுறவன் தலையில இருக்கிறதும் நம்ம மாதா தலையில இருக்கிறதும் ஒரே கை வேலைதானேன்னு ஒரு தடவை கேட்டுப்புட்டேன். ஒரு மாசம் அந்தம்மா எங்கூடப் பேசல. எனக்கு அந்த ஒரு மாசம் நிம்மதியாத்தான் இருந்துச்சு.

என் வீட்டுக்காரரு உபதேசியாரு. சாமியாரு மாசத்துக்கு ஒருக்கா வண்டி கட்டி வந்து பூசை வச்சிட்டுப் போவாரு. மத்த நாளெல்லாம் மணியடிக்கிறது, பிள்ளைகளுக்குச் செபஞ் சொல்லிக் குடுக்கிறது, செத்தவுகளுக்கு முன்னால சிலுவை தூக்கிட்டுப் போறது எல்லாம் இவருதான். நாங்க குடியிருந்தது கோயில் வீடு. எனக்கு அப்ப கையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணுன்னு ரெண்டு பிள்ளைக. வேலையும் வீடும் ஊர்ப் பெரியவுக கையில, ஊர்ப் பெரியவுக எல்லாரும் பெரிய வீட்டம்மா கையில. எங்களுக்கு முந்தி இருந்த உபதேசியாரு அவுக வீட்டுக் கலியாணத்துக்கு மணியடிக்க நேரமாக்கிட்டாருன்னு, சட்டி பானையோட அவரை வண்டியேத்தி உத்தமபாளையத்துக்கு அனுப்பிட்டாக. அந்தம்மா மொகஞ் சுளிச்சா எங்க அடுப்புல பூனை தூங்கும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுந்தான் அம்புட்டு வாயி பேசிக்கிட்டுத் திரிஞ்சேன்.

வருசம் பூராவும் அந்த டோப்பா கோயில் பெட்டிக்குள்ள வசம்பும் வேப்பிலையுமாக் கெடக்கும். தபசு காலத்துல சுரூபங்களைத் துணி போட்டு மூடுனதும் கழுவுறதுக்கு எங்க வீட்டுக்கு வரும். பெரிய வெள்ளியன்னைக்கு அதைத் தாம்பாளத்துல ஏந்தி வந்து மாதா தலையில வைக்கிற மரியாதை பெரிய வீட்டம்மாவுக்கு. அதுல ஒட்டியிருக்கிற மெழுகுதிரிப் பொகையும் சாம்பிராணிக் கரியும் கரப்பான் புழுக்கையும் எனக்கு. இப்பிடித்தான் ஊர்ல மரியாதையப் பங்கு போட்டிருந்தாக.

நான் கழுவுறதுக்கு ஒரு மொறை வச்சிருந்தேன். பச்சைத் தண்ணிதான். பூந்திக்கொட்டைய ஊறவச்சு, நுரையை மட்டும் வழிச்சு முடியில தடவி, மேலருந்து கீழ ஒரே போக்கா விரலால நீவி விடுவேன். கசக்க மாட்டேன், முறுக்கிப் பிழிய மாட்டேன். உள்தொப்பியில மட்டும் தண்ணி ஊறவே விட மாட்டேன். ஏன்னா அந்த மதுரைக்காரன் முடியை நூல்ல கட்டித் தைக்கல. துணித் தொப்பியில புளியங்கொட்டைப் பசையத் தடவி வரிசை வரிசையா ஒட்டித்தான் வச்சிருந்தான். அலசுனதும் ஒரு பானையக் கவுத்து அது மேல மாட்டி நெழல்ல காய வைப்பேன். ஈரத்துல சீப்பு வைக்கிறதில்ல. காஞ்சப்புறம் நுனியில ஆரம்பிச்சு கொஞ்சங் கொஞ்சமா மேல ஏறிச் சிக்கெடுப்பேன். நம்ம தலையில முடி அறுந்தா மறுபடி மொளைக்கும், டோப்பாவுல போனா போனதுதான். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரல. மூளை இருக்கிறவளுக்குச் சொல்லித் தரவும் வேண்டியதில்ல.

மலையில பெரியாத்துக்கு அணை கட்டிக்கிட்டு இருந்த காலம் அது. அந்த வருசம் பெரிய வீட்டம்மாவோட மக பிள்ளை பெத்து வந்திருந்தா. மகளுக்கு எண்ணெய் தேச்சு ஊத்தி ஊத்தி அந்தம்மாவுக்கு ஒரு ஞானம் பொறந்துருச்சு. மாதாவும் பிள்ளை பெத்த தாயிதானே, மகனைப் பறிகுடுத்து உச்சி காஞ்சு நிக்கிறாகளே, நம்ம இத்தனை வருசமா வறட்டுத் தலையோட நிக்க விட்டுட்டமேன்னு கோயில்ல எல்லாப் பொம்பளைகளுக்கும் முன்னால அழுதாக. கேட்ட பொம்பளைகளும் அழுதாக. பொம்பளைகளுக்கு எண்ணெய் தேய்க்கிற நாளு செவ்வாயும் வெள்ளியும். வெள்ளி தபசு நாளு, ஆகாது. குருத்து ஞாயித்துக்கு முந்துன செவ்வாக்கிழமை மாதாவுக்கு எண்ணெய்க் குளியல்னு முடிவாச்சு. அதுலருந்து பெரிய வெள்ளிக்குப் பத்தே நாளு.

அந்தம்மா எங்க வீட்டுக்கு வந்தாக. கூட வந்தவ கையில ஒரு சொம்பு நல்லெண்ணெய், மிளகும் அரிசியும் போட்டுக் காய்ச்சுனது. மாதாவுக்குச் சளி புடிச்சிரக் கூடாதாம்! உள்ள இருக்கிறது மண்டையோடு இல்லம்மா, துணியும் பசையும்னு சொன்னேன். விசுவாசம் இல்லாதவ பேச்சுன்னு சொல்லிட்டாக. என் வீட்டுக்காரரைப் பாத்தேன். அவரு கழுவுற மீனுல நழுவுற மீனு. கண்ணால என்னை அடக்கிட்டு, மணிக்கயிறு நைஞ்சிருக்கான்னு பாக்கப் போறேன்னு போயிட்டாரு.

கவுத்துன பானை மேல டோப்பாவ மாட்டி வச்சேன். அந்தம்மா முன்னால உக்காந்து உச்சியில எண்ணெய ஊத்தி, ரெண்டு கையாலயும் அரக்கித் தேச்சாக. தேய்க்கும்போதே தாயே தாயேன்னு பேச்சு வேற. சொம்பு எண்ணெயும் உள்ள போச்சு. நல்லா ஊறணும், அப்புறம் கை பொறுக்குற சூட்டுல வெந்நி ஊத்தி, சீயக்காப் போட்டு அலசணும்னு எனக்கு உத்தரவு போட்டாக. அன்னைக்கு அவுக ஒருசந்தி, ஒரு வேளை மட்டும் சாப்பிடுற நோன்பு. அவுக ஒருசந்திச் சோறு நம்ம மூணு வேளைச் சோத்துக்கு மேல இருக்கும், அது ஆறிரக் கூடாதுல்ல, எந்திரிச்சுப் போயிட்டாக.

ரெண்டாவது சொம்பு வெந்நியிலயே பசை இளகிருச்சு. முதல்ல ஒரு கொத்து கையோட வந்துச்சு. அதைப் புடிச்சு ஒட்ட வைக்கப் போனா அடுத்த வரிசை நழுவுச்சு. அரை நாழிகையில தொப்பி தனியா, முடி தனியா. எண்ணெய்யும் பசையும் சேந்து, அடி எது நுனி எதுன்னு தெரியாம காக்கா கூடு மாதிரி ஒரே சுருளாக் கெடந்துச்சு. அடி நுனி கலந்த முடிய இனி எந்த மகராசனாலயும் சிக்கெடுக்க முடியாது. நான் பின்வாசல்ல அதை மடியில போட்டுக்கிட்டு உக்காந்துட்டேன். எண்ணெய் தேச்சது அவுக. ஆனா மாதா முடியக் கொட்டுனவன்னு பேரு எனக்குத்தான் வரும். சட்டி பானைய எந்த வண்டியில ஏத்துறது, பிள்ளைகளத் தூக்கிட்டு எந்த ஊருக்குப் போறதுன்னுதான் மனசு ஓடுச்சு.

எம் முடிய வெட்டிக் கட்டலாம்னா, அது எலி வாலு. கூந்தல் இருக்கிற மகராசி அள்ளி முடியுறா, எனக்கு எங்க?

அப்ப எங்க வீட்டுக்கு நெல்லுக் குத்த ஒருத்தி வருவா. எங்க வேதக்காரிதான். ஆனா கோயிலுக்குள்ள குறுக்க ஒரு கம்பி போட்டிருப்பாகல்ல, அதுக்கு அங்கிட்டு உக்காருற சனம். நம்ம சிலுவைய அவுகளும் கும்பிடுவாக, நம்ம வீட்டு நெல்ல அவுகளே குத்துவாக, வாசப்படி மட்டும் தாண்டக் கூடாது. அவ புருசன் அணை வேலைக்கு மலையேறுனவன். காட்டுக் காய்ச்சல் புடிச்சுக் கூடலூர் வரைக்கும் தூக்கிட்டு வந்து போட்டுட்டாக. அவன் பொழைச்சா முடியத் தாரேன்னு இவ மாதாவுக்கு நேந்துக்கிட்டா. பொழைச்சிட்டான். கோயில் வாசல்ல முடி எறக்கணும்னு ஊர்ப் பெரியவுககிட்டக் கேட்டதுக்கு, உங்க சனத்துக்கு என்ன கோயில் வாசலு, ஆத்துல எறக்கி ஆத்தோட விடுன்னு சொல்லிட்டாக. சாமி வரங் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்கிறது இதுதான். அவ ஆத்துக்குப் போகாமலே இருந்தா. முழங்காலைத் தொடுற முடி அவளுக்கு.

அன்னைக்கு உலக்கையோட வந்தவ, என் மடியில கெடந்ததப் பாத்தா, என் மொகத்தப் பாத்தா. நான் சொல்லாமலே விளங்கிருச்சு.

"அக்கா, எம் முடி மாதாவுக்குன்னு வச்சதுதான். ஆத்துல விடச் சொல்றாக. மாதா தலையிலயே இருந்துட்டுப் போகட்டுமே"ன்னா.

ஊர்ல அம்புட்டுப் பேரையும் ஏசுற நான் என்ன செஞ்சேன் தெரியுமா? யோசிச்சேன். இவ முடிய மாதா தலையில வைக்கலாமான்னு யோசிச்சேன். நெல்லு ஒரு மரக்கா குத்துற நேரம் யோசிச்சிட்டு, யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு அவகிட்டச் சத்தியம் வாங்கிட்டுத்தான் கத்திரிய எடுத்தேன். சத்தியம் பண்ணிக் குடுத்தா. வெட்டும்போது அவ கண்ண மூடிக்கிட்டு மங்கள வார்த்தை செபஞ் சொல்லிக்கிட்டே இருந்தா. அப்புறம் ஆத்தங்கரைக்குப் போயி மொட்டையடிச்சுக்கிட்டா. முடி ஆத்தோட போச்சுன்னு ஊரு நெனச்சிக்கிட்டுச்சு.

மூணு நாளு பின்வாசல்ல ரெண்டு பேரும் உக்காந்து கட்டுனோம். நூல்ல பூக்கட்டுற முடிச்சுத்தான். பூவுக்குப் பதிலு பத்துப் பத்து முடியா, அடியெல்லாம் ஒருபக்கம் இருக்கிற மாதிரி அவ எடுத்து எடுத்துக் குடுப்பா, நான் முடிச்சுப் போடுவேன். சரஞ் சரமாக் கட்டுனத புதுத் துணித் தொப்பியில கீழருந்து மேல சுத்திச் சுத்தித் தச்சேன். பசையே இல்ல. மதுரைக்காரன் வந்து பாத்தா வெக்கப்படுவான். பழைய முடியக் கொல்லையில வாழைக்கடியில பொதச்சேன். பெரிய வீட்டு மாமியாவுக்கு அது ரெண்டாவது அடக்கம். எங்க வீட்டுக்காரரு எல்லாத்தையும் பாத்துட்டு, தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டாரு.

பெரிய வெள்ளியன்னைக்கு மத்தியானம் கோயில் நெறஞ்சு கெடந்துச்சு. பெரிய வீட்டம்மா தாம்பாளத்த ஏந்திக்கிட்டு வந்தாக. முடியத் தூக்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாக, முத்தங் குடுத்தாக. எங்க மாமியா முடி, இத்தனை வருசத்துல ஒரு நரை விழுந்திருக்கா பாருங்கன்னு கேட்டாக. செத்தவ முடியில எப்பிடி நரை விழுகும்னு கேக்க அங்கன ஒரு ஆளு இல்ல. முன்ன இருந்ததுக்கு ஒரு சாண் நீளமா இருக்கேன்னு ஒருத்தி சொன்னா. எண்ணெய் தேச்ச பலன்னு அந்தம்மா சொன்னாக. எல்லாரும் தோத்திரம் சொன்னாக. எனக்குச் சிரிப்ப அடக்கி அடக்கி விலா வலிச்சுருச்சு.

சப்பரம் தெருவுக்கு வந்ததும் கூட்டம் நெருக்குச்சு. நெல்லுக் குத்துறவ முக்காடு போட்ட மொட்டைத் தலையோட, கூட்டத்துக்குள்ள நுழைஞ்சு சப்பரத்துக்கிட்ட வந்துட்டா. காத்துல மாதா முடி ஆடி ஆடி வெளிய வந்துச்சு. நுனியத் தொட ஒரு கைய நீட்டுனா. அம்புட்டுத்தான்.

"ஏத்தா, எட்டி நில்லு! மாதா முடியில கை பட்டுரப் போகுது"ன்னாக பெரிய வீட்டம்மா.

அவ கைய இழுத்துக்கிட்டா. அந்தம்மாவ அவ பாக்கல, என்னைத்தான் பாத்தா. நான் ரெண்டடி தள்ளி மெழுகுதிரிய வச்சிக்கிட்டு நிக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முடியப் பத்திச் சொல்ல வேண்டாம், தொட்டுக்கிறட்டும்மா, பெரிய வெள்ளியும் அதுவுமான்னு ஒரு வார்த்தை. வாயாடின்னு ஊரு பூரா பேரெடுத்தவ நான். கோயில் வீடு கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. மெழுகுதிரி காத்துல அணையுதான்னு பாக்கிற மாதிரி குனிஞ்சிக்கிட்டேன். எங்க வீட்டுக்காரரை நழுவுற மீனுன்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு, தூ!

பாஸ்குத் திருநா கழிஞ்சு அவ வழக்கம்போல நெல்லுக் குத்த வந்தா. மொகத்துல ஒரு கோவமும் இல்ல. ரெண்டு குத்துக் குத்திட்டு உலக்கைய நிறுத்துனா.

"சிக்கே இல்லாமச் சீவியிருந்தீக அக்கா. அடுத்த வருசம் கழுவுறப்ப ஒரு சத்தங் குடுங்க. மாதா தலையிலருந்து வந்த முடிய நான் ஒருக்கா தொட்டுப் பாத்துக்கிறேன்."

சரின்னு சொன்னேன்.

அதுக்கப்புறம் அந்தக் கோயில் வீட்டுல ஆறு வருசம் இருந்தோம். பெரிய வீட்டம்மா மறுபடி எண்ணெய்ச் சொம்பத் தூக்கிட்டு வரல, ஒரு தடவை தேச்ச புண்ணியம் போதும்னு விட்டுட்டாக. ஆறு வருசமும் நான்தான் அதைப் பச்சைத் தண்ணியில அலசுனேன், நெழல்ல காய வச்சேன், ஒரு முடி அறுகாமச் சிக்கெடுத்தேன். செவ்வாயும் சனியும் அவ நெல்லுக் குத்த வருவா. நான் புதன்கிழமையில கழுவுனேன்.