ரவுட்டரின் டவுன் பக்கம்

ஓய்வுபெற்ற நெட்வொர்க் பொறியியலாளரான என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் வீட்டு வைஃபை பற்றித்தான் கேட்பார்கள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர் அன்று நனைந்தபடி வந்து நின்றது அதற்கல்ல.

"சார், நேத்து சாயந்திரம் டவுன்ல இருந்து மண்சரிவு எச்சரிக்கை குடுத்தாங்களாம். ஏன் லயத்த விட்டு ஒருத்தரும் போகலன்னு இப்ப போன்ல கேக்குறாங்க. எங்களுக்கு ஒன்னுமே கேக்கல சார்."

அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அந்த லயத்து வரிசை வீடொன்றில், வெட்டிய மண்மேட்டுக்கு அடியில், இரவு முழுக்கத் தூங்கியிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

லயங்களின் ஒலிபெருக்கிகள் மல்டிகாஸ்ட் முறையில் இயங்குபவை. டவுன் அலுவலகத்தில் ஒருவர் ஒருமுறை பேசினால் போதும். வழியிலுள்ள ரவுட்டர்கள் அந்தக் குரலைப் பிரதியெடுத்து, கேட்கக் காத்திருக்கும் ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் சேர்க்கும். ஒரு ரவுட்டர் சேர்க்காவிட்டால் குரல் அங்கேயே செத்துப்போகும். பேசியவருக்கு எவரும் அறிவிப்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அது நம் அலுவலகங்களைப் போலவே நடந்துகொள்ளும்.

"டெஸ்ட் பண்றதில்லையா?"

"மாசாமாசம் பண்றோம் சார். நல்லாத்தான் பேசுது."

"எங்கிருந்து?"

"எங்க ஆபீஸ் கம்பியூட்டர்ல இருந்து. டவுன்ல பட்டன அமுக்கினா சனங்க பயந்துருவாங்கன்னு அவங்க அமுக்க மாட்டாங்க."

மழையிலேயே அவரோடு தோட்டத்து ஆபீசுக்கு ஏறினேன். டவுன் அலுவலகத்து அதிகாரி அங்கிருந்த ரவுட்டரைத் தொட தொலைபேசியில் அனுமதி தந்தார். கடவுச்சொல்லை அதன் நெற்றியிலேயே ஒட்டிவைத்திருந்தார்கள். வாழ்நாளெல்லாம் நான் திட்டிய குற்றம் அது. அன்று நன்றியோடு வாசித்தேன்.

தோட்டத்துப் பக்க இணைப்பில் மல்டிகாஸ்ட் இயங்கியது. டவுன் பக்க இணைப்பில் அதை யாரும் இயக்கவே இல்லை. இத்தனை காலமும் சோதனைக் குரல் தோட்டத்துக்குள்ளேயே சுற்றி வந்திருக்கிறது. டவுனின் குரல் ஒருநாளும் மலையேறியதில்லை. அதற்குக் குறைவாக இருந்தது ஒரே ஒரு கட்டளை வரி. அதைத் தட்டிச் சேர்த்தேன்.

ஒரு சோதனை அறிவிப்பு அனுப்பும்படி அதிகாரியைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தோம். சற்று நேரத்தில் லயங்களிலிருந்து குரல் வந்தது, முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில்.

"பேசுது சார்," என்று கிளாக்கர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உற்றுக் கேட்டார். "பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்றாங்களே. டெஸ்டுக்கு இப்படியா பேசுவாங்க?"

அதிகாரியை மறுபடி அழைத்தேன்.

"சோதனையா? அதற்கெல்லாம் நேரமில்லை," என்றார் அவர் சிங்களத்தில். "மேலே நிலம் வெடித்திருக்கிறதாம். ஆட்களை இறக்குங்கள்."

சொல்லத் திரும்பினேன். கிளாக்கரின் கதிரை காலியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே லயத்துப் படிகளில் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள், சிலர் கையில் பானையோடு, சிலர் வெறுங்கையோடு. கடைசியில் அவருடைய மனைவி பெரிய பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சின்னதைத் தோளில் போட்டுக்கொண்டு கிளாக்கர் பின்னால் வந்தார். அவர் ஆபீஸ் வாசலில் நின்றார்.

"சார், நீங்களும் எறங்குங்க. இந்த ஆபீசும் அதே மேட்டுக்கு அடியிலதான்."

மின்சாரம் போய்வந்தால் ரவுட்டரில் சேமிக்காத கட்டளை வரி அழிந்துவிடும். சேமித்துவிட்டுத்தான் எழுந்தேன். வாசற்படி மழையில் வழுக்கியது. அவருடைய மனைவி கை கொடுத்தார்.