நாற்காலி போட்ட சீர்திருத்தம்

சங்ககிரியில் முதியோர் உதவித்தொகை வழங்கும் எங்கள் அலுவலகத்தைச் சீர்திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. மனு கொடுக்க வருபவர் எவரும் நிற்கக் கூடாது என்று முடிவெடுத்து, சுவரோரமாக நாற்காலிகளைப் போட்டேன். உதவித்தொகை வராததால் விசாரிக்க வந்த ஓர் அம்மாள் மட்டும் உட்கார மறுத்தார்.

“உக்காருங்கம்மா, கூப்பிடுவாங்க.”

“வேண்டாங்க சாமி. நின்னா, மறைக்குதுன்னு சீக்கிரம் பாத்து அனுப்புவாங்க. உக்காந்துட்டா ஆருக்குங்க நெனப்பிருக்கும்?”

வற்புறுத்தி உட்காரவைத்தேன். எழுத்தர் சாப்பிடப் போனார், வந்தார், கடைசியில் கணினியையும் அணைத்தார். அந்த அம்மாளை யாரும் கூப்பிடவில்லை.

மாலையில் பார்வையிட வந்த உயர் அதிகாரி, ஒருவர்கூட நிற்காததைக் கண்டு பூரித்து என் கையைக் குலுக்கினார். தன் பணத்தைப் பற்றிக் கேட்க அந்த அம்மாள் எழுந்தார்.

“நீங்க சிரமப்படாதீங்க” என்று அதிகாரியே அவரை உட்காரவைத்தார்.