ஈரம் ஏறாத மூலை

இதை நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்கள் அடுத்த பக்கம் புரட்டலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வேதாசலத்தை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரைக்கும் ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து போனவர்கள் நாங்கள். பொய் சொல்வதற்குக்கூட அந்த மனிதருக்குத் தெம்பு கிடையாது. சாயங்காலம் வண்டி ஏறினால் சைதாப்பேட்டை வருவதற்குள் வாயைப் பிளந்து தூங்கிவிடுவார். அப்படிப்பட்டவர் 1993 கோடையில் ஒரு வாரம் முழுக்கக் கண்ணை மூடாமல் வந்தார். காரணத்தைப் பிறகுதான் சொன்னார். அதைத்தான் எழுதுகிறேன். கடைசியில் வருவது மட்டும் நானே பார்த்தது.

வேதாசலத்துக்குப் பாரிமுனையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. மேற்குத் தாம்பரத்தில் வாடகைக்கு ஒரு போர்ஷன். மனைவி ஞானாம்பாள். படுத்த படுக்கையாக அப்பா சம்பந்தம். பெரியவருக்கு எண்பத்து நாலு வயசு. இட்லி நின்று, கஞ்சி நின்று, ஒரு ஸ்பூன் தண்ணீர் இறங்குவதே பெரிய பாடாகிவிட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அது வீட்டுக்கார அம்மா கங்கையம்மாள் காதுக்கு எட்டியது. அவள் ஒன்றும் மோசமானவள் இல்லை, பொங்கலுக்குக் கரும்பு அனுப்புகிறவள்தான்.

"இத பாரு வேதாசலம். பெரியவருக்கு ஒண்ணு ஆச்சின்னா இங்க வெச்சிக்காத. ஆவணில பொண்ணுக்குக் கல்யாணம் கீது. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிடு. அங்கேர்ந்தே எடுத்துடு."

எங்கள் பக்கத்தில் இது எழுதாத சட்டம். வாடகை வீட்டில் பிள்ளை பெறலாம், சமைக்கலாம், சண்டை போடலாம். சாக மட்டும் கூடாது. 'நாற்பது வருஷம் எனக்காக உழைத்த மனுஷனை ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தா தூக்கிப் போடுவேன்?' என்று வேதாசலத்துக்கு மனசு வெந்து போயிற்று. ஊரப்பாக்கத்தில் எப்போதோ வாங்கிப் போட்டிருந்த மனையில் அவசர அவசரமாக வீடு கட்ட ஆரம்பித்தார். தன் வீட்டுக் கூரைக்குக் கீழே அப்பாவின் உயிர் போக வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

சுவர் எழும்பிக் கூரையும் போட்டாயிற்று. உள்பூச்சு முடிந்த அன்றைக்கு ஒரு ஜீப் வந்து நின்றது.

வந்தவர் அசரியா, தொல்லியல் ஆபீஸர். மனைகளைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கிடந்த உருண்டைப் பாறைகளை எல்லாரும் வெறும் பாறை என்றே நினைத்திருந்தார்கள். அதெல்லாம் ஈமக்குழிகளாம். இரண்டாயிரம், மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஜனங்களின் சமாதிகள். விசாரணை முடியும்வரை யாரும் ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மனைக்காரர்கள் எல்லாரும் கூடினார்கள். சங்கச் செயலாளர் சிட்டிபாபு எகிறினார்.

"செத்தவனுக்கு எடம் கீது, உசுரோட கீறவனுக்கு இல்லியா? இன்னா சார் நாயம் இது? நாலு லாரி எட்தாந்தா ஒரு கல்லு இருக்காது. அப்பால எந்தச் சமாதியக் காட்டுவ?"

"எடுத்துடலாம் சார். ஆனா திருப்பி வைக்க முடியாது. இவங்களைப் பத்தி நமக்குத் தெரிய வேற வழியே இல்லை" என்றார் அசரியா. பிறகு குரல் இறங்கியது. "நானும் வாடகை வீடுதான் சார். உங்க கஷ்டம் தெரியாதவன் இல்லை."

இரண்டு பேர் பேச்சும் சரியாகத்தான் பட்டது வேதாசலத்துக்கு. அதனால்தான் அவருக்கு இன்னும் களைப்பாக இருந்தது.

மேஸ்திரி குப்பன் சாரத்தைப் பிரித்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். போகும்போது ஒன்று சொன்னார்.

"பூச்சு பச்சையா கீது சார். ஒரு வாரம் தண்ணி காட்டுங்க. வுட்டீங்கன்னா வெடிச்சுரும்."

தண்ணீர் விடக் கூடாது என்று உத்தரவில் இல்லையே. ஆபீஸ் விட்டு நேராக ஊரப்பாக்கத்தில் இறங்குவார் வேதாசலம். அடிபம்பில் குடம் குடமாக அடித்துச் செம்பால் மொண்டு சுவர் முழுக்க வீசுவார். தண்ணீர் பட்டதும் வெளிர் சாம்பல் பூச்சு கறுத்து வரும். அதைப் பார்க்க அவருக்கு ஒரு திருப்தி.

முதல் நாள் சாயங்காலம் அப்பாவுக்கென்று ஒதுக்கிய அறையில் ஒரு மூலை மட்டும் கறுக்கவில்லை. கை தவறியிருக்கும் என்று இன்னொரு செம்பு வீசினார். அப்படியே வெளிறிக் கிடந்தது. மணலில் உப்பு கலந்திருக்கும் என்று குப்பனைத் திட்டிக்கொண்டே வண்டி பிடித்தார்.

இரண்டாம் நாளும் அதே மூலைதான். இந்த முறை நின்று பார்த்தார்.

ஈரம் ஏறாத இடம் அவர் இடுப்பு உயரம் இருந்தது. மேலே உருண்டை. அதன் கீழே இரண்டு பக்கமும் சரிவு. யாரோ முதுகைச் சுவரில் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தால் அவ்வளவு இடம்தான் மறையும்.

ஒரு செம்பை நேராக வீசினார். மற்ற இடத்தில் சளார் சளார் என்று அடித்த தண்ணீர் அங்கே மட்டும் சத்தம் போடவில்லை. தரையில் வழிந்து ஓடியது. ஓடிய தண்ணீர் மூலைக்கு முன்னால் பிரிந்தது. இரண்டு சின்ன இடங்களைச் சுற்றிக்கொண்டு போய் மறுபடி சேர்ந்தது.

பாதம் அளவுக்கு இரண்டு இடங்கள்.

நிலத்தை விற்ற துளசிங்கம் ஸ்டேஷன் பக்கம் சிமெண்ட் கடை வைத்திருந்தார். அவரிடம் போய், மூலையைப் பற்றி வாய் திறக்காமல், பாறைகளைப் பற்றி மட்டும் கேட்டார் வேதாசலம். துளசிங்கம் சிரித்தார்.

"பாண்டவர் குழின்னுவாங்க சார். அங்க எங்க ஆளுங்க ஏர் ஓட்ட மாட்டாங்க. அந்தக் காலத்துல சில பேருக்குச் சாவே வராதாம். வயசு ஏற ஏறச் சுருங்கிப் பூனையாட்டம் ஆயிடுவாங்களாம். வூட்டுல வெச்சிகினு இன்னா பண்றது? குழி நோண்டி, குந்தின வாக்குலயே எறக்கி, சோறு தண்ணி வெச்சு மூடிருவாங்களாம். உசுரோட."

"நிஜமாவா?"

"எவன் கண்டான்? சிமெண்ட் வோணுமா?"

மூன்றாம் நாள் போகக் கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் பூச்சு வெடித்துவிட்டால் மறுபடி பூச வழி இல்லை. ஊரப்பாக்கத்தில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. ஜன்னல் வழியாக வந்த கொஞ்சம் வெளிச்சத்தில் மற்றச் சுவர்களை எல்லாம் நனைத்தார். அந்த அறையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார்.

செம்பை ஓங்கினார். வீசினார்.

"ஸ்ஸ்..."

குளிர்ந்த தண்ணீர் மேலே பட்டால் வெடுக்கென்று மூச்சு இழுப்போமே, அந்தச் சத்தம். மூலையிலிருந்து வந்தது.

குடம் கை நழுவி உருண்டது. தண்ணீர் அறை முழுக்கப் பரவியது. பிரிந்தது... சேர்ந்தது.

ஓட வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் பயத்தைவிட அசதி பெரிதாக இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னார். நாள் முழுக்க ஆபீஸ், ராத்திரி முழுக்க அப்பாவின் முனகல், நடுவில் இது. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். வாடகை வீட்டிலேயே காலம் தள்ளியவர் வாயில் வந்தது, வீடு தேடிப் போகிறவன் பழைய குடித்தனக்காரரிடம் கேட்கிற கேள்விதான்.

"ஐயா... இடத்தை எப்பக் காலி பண்றீங்க?"

மூலையைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

"எங்கப்பா சாகறதுக்கு ஒரு இடம் இல்லைங்க. இங்கதான் கட்டில் போடலாம்னு இருக்கேன். தயவு பண்ணுங்க. இந்த இடத்தை அவருக்கு விட்டுடுங்க."

தூரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும் லாரிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

பிறகு... மடக்.

முழங்கால் எலும்பு நெட்டி முறிகிற சத்தம்.

மடக்... மடக்...

யாரோ எழுந்திருக்கிறார்கள். மெதுவாக. சுவரைப் பிடித்துக்கொண்டு.

ஒரு பெருமூச்சு. ரொம்ப நாள் சுமந்த மூட்டையை இறக்கி வைத்த மூச்சு.

வேதாசலத்தின் தோளை உரசிக்கொண்டு ஏதோ போயிற்று.

ஈரத் தரையில் சளக்... சளக்...

வாசல் வரைக்கும்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. எழுந்து, குடத்தின் அடியில் மிஞ்சிய தண்ணீரை மூலையில் வீசினார். சளார் என்று அடித்தது. சுவர் முழுசாகக் கறுத்தது. அன்றைக்குத் திரும்பி வரும் வண்டியில் சந்தோஷத்தில் அழுதாராம்.

அடுத்த வாரம் அசரியா ஆட்களோடு வந்தார். வேதாசலத்தின் வீட்டுக் கொல்லைப்புறச் சுவரை ஒட்டியிருந்த குழியையும், பக்கத்தில் இரண்டு குழிகளையும் திறந்து பார்த்தார்கள். பக்கத்துக் குழிகளில் எலும்பு இருந்தது. இந்தக் குழியில் மூடுகல் ஒரு இம்மி அசையாமல் இருந்தது. உள்ளே சட்டி இருந்தது, பானை இருந்தது, துருப்பிடித்த கத்தி ஒன்று இருந்தது. எலும்பு மட்டும் ஒரு துண்டுகூட இல்லை.

"சில மண்ணுல எலும்பு கரைஞ்சிடும்தான் சார்" என்று அசரியா தாடையைத் தடவினார். "ஆனா ரெண்டடி தள்ளிக் கரையலையே."

பானை சட்டிகளை எடுத்துப் போனார்கள். சுற்று வட்டக் கற்களை எப்போதோ யாரோ பெயர்த்திருந்ததால், அந்த மனைக்கு மட்டும் தடை நீங்கியது. வைகாசிக் கடைசியில் பால் காய்ச்சினார்கள். பெரியவரை ஒரு வாடகை அம்பாசடரில் படுக்க வைத்துக் கொண்டுவந்து கட்டிலில் விட்டார்கள்.

விடிந்து பார்த்தால் கட்டில் காலி.

திரும்பிப் படுக்கக்கூடத் தெம்பில்லாத மனுஷன் மூலையில் குந்தியிருந்தார். முழங்காலைக் கட்டிக்கொண்டு.

அதற்குப் பிறகு வேதாசலம் இந்தப் பேச்சை எடுக்கவில்லை. 'அப்பா எப்படி இருக்கார்?' என்று கேட்டால் 'இருக்கார்' என்பார். ரயிலில் எத்தனையோ தடவை கேட்டிருப்பேன். அந்த ஒரு வார்த்தைதான் வரும்.

1999-இல் அவர் ரிடையர் ஆனதும் ஒருநாள் பார்க்கப் போனேன். சிட்டிபாபு சொன்னபடியே செய்துவிட்டிருந்தார்கள். பாறைகள் எல்லாம் போய் வீடுகளாக நின்றன. ஒரே ஒரு வட்டத்தைச் சுற்றிக் கம்பி வேலி, தொல்லியல் துறையின் துருவேறிய நீலப் பலகை, காயப்போட்ட துணி.

அறைக்குள் கூட்டிப் போனார். மூலையில் போர்வைக்குள் என்னவோ இருந்தது. நான் முதலில் குழந்தை என்று நினைத்தேன்.

"ஆறு வருஷமா ஒரு பருக்கை உள்ளே போகலை. தண்ணிதான். சுருங்கிண்டே வரார்" என்றார் வேதாசலம்.

போர்வை அசைந்தது. கண் திறந்து என்னைப் பார்த்தது.

"எடம்... கேட்டு வந்தீங்களா?"

நான் வாயெடுப்பதற்குள் வேதாசலம் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார்.

"பதில் சொல்லாதீங்க சார். யார் வந்தாலும் இதைத்தான் கேக்கறார். ஆமான்னு மட்டும் சொல்லிடக் கூடாது."

ஸ்டேஷன் வரைக்கும் வந்தார். இரண்டு எட்டுக்கு ஒரு தடவை நின்றார். வண்டி வருகிற நேரத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சாகறதுக்கு இடம் கேட்டேன். அவர் பேர்ல சாவே வராத இடத்தை வாங்கிக் குடுத்துட்டேனே சார். நான்தானே தீர்க்கணும். நேத்து அவர் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். சுவர் ஜில்லுனு இருந்துது. நல்லாத் தூக்கம் வந்துது."

கார்த்திகை மாசம் போன் வந்தது. சம்பந்தம் தவறிவிட்டார். சொந்த வீட்டில், தூக்கத்திலேயே.

நான் போனபோது பாடையைத் தூக்கிவிட்டிருந்தார்கள். கொள்ளிச் சட்டியோடு முன்னால் போனது யாரோ பங்காளிப் பையன். வேதாசலத்தைக் காணோம்.

"அவரால எழுந்துக்க முடியலை" என்றாள் ஞானாம்பாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிணம் எடுத்த வீட்டைப் பெண்கள் கழுவி விட்டுக்கொண்டிருந்தார்கள். வாளி வாளியாகத் தண்ணீர். அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. ஒரு வாளித் தண்ணீர் கதவுக்குள் ஓடியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூலை வரைக்கும் போயிற்று.

பிரிந்தது.

"ஸ்ஸ்..."

பிறகு தூக்கம் கலைந்த குரல் ஒன்று. வண்டியில் எதிர் சீட்டில் இருபது வருஷம் கேட்ட குரல்.

"யாரு... எடம் கேட்டு வந்தீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தேன்.