மடுப் பாறையைப் பெருக்கியவர்

கன்னியப்பனுக்குப் பேச்சென்றால் உயிர். வாய்த்த வேலையோ செஞ்சிக்கு வெளியே, சங்கராபரணி ஆற்றோரம், ஆள் நடமாட்டமே இல்லாத பம்ப் கொட்டகையில் குடிதண்ணீர் மோட்டார் போடுவது. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. ஓசூரிலிருக்கும் மகன் ரஞ்சித் போனில் "சாப்டியா நைனா?" என்பான், பதில் முடிவதற்குள் வைத்துவிடுவான். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகும் பஸ்கள் பாலத்தில் பிதுங்கிக்கொண்டு போகும். ஒரு ஜனம் இறங்காது. மனுஷன் மோட்டாரோடு பேசி அலுத்துப்போயிருந்தார்.

மாசியில் ஒருநாள் மஞ்சு வந்தாள். ஆராய்ச்சி மாணவி. கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டை போட்ட ஆற்றுத் தட்டானைப் பற்றிப் படிக்கிறாளாம். நாலு ஞாயிறு வந்து பார்ப்பேன், கொட்டகையை ஒட்டிய இந்த ஆற்று மடுவில் அது பிறக்கிறதென்று தெரிந்தால் வருஷம் முழுக்க வருவேன் என்றாள். வருஷம் முழுக்க! கன்னியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் சொன்ன மோட்டார் கதைகளை அவள் சிரித்துச் சிரித்துக் கேட்டாள்.

விருந்தாளி வரும் வாசலைப் பெருக்காமல் விடலாமா? தினமும் விடிந்ததும் துடைப்பமெடுத்து மடுவைச் சுற்றியிருந்த பாறைகளைப் பெருக்கினார். ஒட்டியிருந்த பூச்சி ஓடுகளைச் சுரண்டித் தள்ளி, நாலு குடம் ஊற்றிக் கழுவியும் விட்டார்.

நாலாம் ஞாயிறு மஞ்சுவின் முகம் வாடிவிட்டது.

"பறக்கறத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க ஐயா. அது எங்கேர்ந்து வேணா வரும். குஞ்சு மணலுக்குள்ள மாசக்கணக்குல கெடக்கும். ஒருநாள் விடியக்காலம் பாறையில ஏறி, முதுகு வெடிச்சு, சட்டைய கழட்டிட்டுப் பறந்துடும். அந்தச் சட்டை கெடச்சாதான் இங்க பொறந்ததுன்னு அர்த்தம். ஒண்ணுகூட இல்லியே. இனிமே தென்பெண்ணைப் பக்கம் போறேன்."

கன்னியப்பன் தான் சுரண்டித் தள்ளிய ஓடுகளை நினைத்துக்கொண்டார். ஓயாத அந்த வாய் அன்றைக்குப் பார்த்து அடைத்துக்கொண்டது. தன் முட்டாள்தனத்தைச் சொல்ல வெட்கம்.

"பாத்துப் போம்மா" என்றார்.

அப்புறம் அவர் துடைப்பத்தைத் தொடவில்லை. எட்டாம் நாள் பாறையில் ஏழு சட்டைகள், காலால் கல்லைக் கெட்டியாகப் பிடித்தபடி. முதுகில் நீளமான பிளவு. ஒன்றின் பக்கத்தில் புதுத் தட்டான் ஒன்று இறகு காயக் காத்திருந்தது. வெயில் ஏறியதும் பறந்துபோயிற்று. அவருக்கு அழுகை வந்தது. பார்க்கத்தான் யாருமில்லையே, நன்றாக அழுதார். பிறகு மஞ்சுவுக்குப் போன் போட்டார்.

"ஏழு இருக்குதும்மா. நீ வர்றியேன்னு நாந்தான் தெனம் பெருக்கித் தள்ளிட்டேன்."

"அங்க இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேங்களே ஐயா" என்றாள் மஞ்சு. கோபமில்லாமல்தான் சொன்னாள். "வேற எடம் முடிவாயிடுச்சு."

"அது கெடக்கட்டும். சும்மானா ஒருநாள் வரலாமில்ல?"

"பாக்கலாங்க ஐயா."

பார்க்கலாம் என்கிறவர்கள் வரமாட்டார்கள் என்பது கன்னியப்பனுக்கு நன்றாகத் தெரியும்.